முதுகு காட்டி உட்கார்ந்த முதலாளி

போன மாதம் கடைச் சிப்பந்திகள் சங்கத்துப் பையன்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேனியில் புதிதாகத் திறந்திருக்கும் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர்கள். அங்கே தூணுக்குத் தூண் கண்ணாடி பதித்து, முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் பார்க்கும்படி செய்திருக்கிறார்களாம். கொட்டாவி விட்டால்கூடத் தெரிந்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டார்கள். "ஒங்க காலத்துல மொதலாளி எப்படிக் கவனிச்சாக?" என்று ஒருவன் கேட்டான். "முதுகால கவனிச்சாக" என்றேன். மூவரும் சிரித்துவிட்டு, அதையே சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பெயரைச் சொல்லி எழுதினால் அந்தக் குடும்பத்தார் வருத்தப்படுவார்களோ, சொல்லாமல் எழுதினால் கதை விடுகிறான் என்பார்களோ என்று இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் கடையின் பெயரையும் முதலாளி பெயரையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். போடிக் கடைத்தெருவில் அன்றைக்கு நடமாடியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பிழைகளை மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் கெங்குவார்பட்டி. போடிக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தபோது, தாய்மாமன் என்னைக் கொண்டுபோய் அந்தக் கடையில் விட்டார். முதல் இரண்டு வருஷம் கூட்டுவது, மூட்டை பிரிப்பது, அடுக்குவது என்று போயிற்று. கெஜக்கோல் பிடிக்கவும், கத்திரி நுனியால் லேசாக வெட்டிவிட்டு மீதியை நேராகக் கிழிக்கவும் கற்றுக்கொண்டேன். கற்றுத் தீராத விஷயம் ஒன்று இருந்தது. மனசில் கவலை வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஜவுளிக்கடையில் அது சின்ன விஷயம் இல்லை. வெள்ளை மல் வேட்டியில் ஈரக்கை பட்டால் அந்த இடம் மங்கிப்போகும், பிறகு அதை யாரும் எடுக்கமாட்டார்கள்.

கடையில் மூத்த ஆள் செல்லையா அண்ணன். ஆண்டிபட்டிக்காரர். தோளில் துணிப்பொதி சுமந்து சுமந்து இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நடப்பார். எனக்கு ஈரக்கை என்று பெயர் வைத்தவர் அவர்தான். "ஏலே ஈரக்கை, ஒன்னைய வச்சு ஒரு நாத்தங்காலுக்கே தண்ணி பாச்சலாம்டா" என்பார். ஆனால் யாராவது வெள்ளை கேட்டு வந்தால், நான் கையை வேட்டியில் துடைக்கிறதைக் கண்டதும், "நீ சேலையப் பாரு, இத நான் பாத்துக்கிறேன்" என்று இடம் மாறிக்கொள்வார். ஒருநாளும் அதை முதலாளியிடம் சொன்னதில்லை.

இனி முதலாளி. மற்ற கடைகளிலெல்லாம் கல்லாப்பெட்டி உள்பக்கம் பார்த்து இருக்கும். எங்கள் கடையில் அது வாசல் ஓரமாக, தெருவைப் பார்த்து இருந்தது. முதலாளி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பிடரியில் ஒரு மரு. நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அவர் முகத்தைவிட அந்த மருவைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவர் வேலை என்னவென்றால், தெருவில் வருகிறவர்களைப் பார்த்து, திரும்பாமலே உள்ளே ஒரு வார்த்தை சொல்வது. குரங்கணிப் பக்கமிருந்து ஏலத்தோட்டத்து ஆட்கள் இறங்கி வந்தால், "மலை" என்பார். நாங்கள் கம்பளியையும் முரட்டுத் துணியையும் முன்னால் இழுத்துப் போடுவோம். ஐந்தாறு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கூட்டமாக வந்தால், "மஞ்சள்" என்பார். கல்யாண வீடு. பாய்களைத் தட்டி விரித்து, குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்போம். வந்தவர்கள் படியேறும்போது அவர்களுக்கு வேண்டியதில் பாதியை எடுத்து வைத்திருப்போம். என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்டதே குறைவு.

இரண்டு காரியத்தில் மட்டும் அவர் கண்டிப்பு. ஒன்று, விரித்த துணியை வந்தவர் கண்முன் மடிக்கக் கூடாது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும் வரை துணி விரித்தபடியே கிடக்க வேண்டும். முன்னதாக மடித்தால், எழுந்து போ என்று சொன்ன மாதிரி என்பார். "மடிக்கலாம்" என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் நாங்கள் கையை வைப்போம்.

இன்னொன்று, கோடி எடுக்க வருகிறவர்கள். இறந்தவருக்குப் போர்த்த எடுக்கும் புதுத்துணிதான் கோடி. அதற்கு வருகிறவர்கள் வந்தால் முதலாளி வார்த்தை எதுவும் சொல்லமாட்டார். எழுந்து நிற்பார், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். கடை முழுக்கப் பேச்சு நின்றுவிடும். 'வாங்க' என்று யாரும் சொல்லமாட்டோம். யாருக்கு என்று கேட்கமாட்டோம். நாலு துணியை விரித்துக் காட்டி எது வேண்டும் என்று நிறுத்தமாட்டோம். செல்லையா அண்ணன் ஒன்றே ஒன்றை எடுத்து, காகிதம் சுற்றாமல் இரண்டு கையாலும் கொடுப்பார். விலை ஒரு தடவை சொல்லப்படும். போகும்போது 'போயிட்டு வாங்க' என்ற சொல் எழக்கூடாது.

"எப்படி மொதலாளி கண்டுபிடிக்கீக?" என்று ஒருமுறை கேட்டேன். "நடையிலதான். கடைத்தெருவுல நடக்குறவன் ரெண்டு பக்கமும் வேடிக்க பாப்பான். அவுக பாக்கமாட்டாக. கூட வாற ஆளு ஒரு அடி பின்னாடியே வருவாரு" என்றார், தெருவைப் பார்த்தபடியே.

அந்த முதுகுக்குப் பின்னால் என் கை காய்ந்திருந்தது. நானே அதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். ஒருநாள் வெள்ளை வேட்டியை நானே எடுத்து விரித்து விற்றுவிட்டு, செல்லையா அண்ணனைப் பார்த்தேன். "பாத்தேன்டா, பாத்தேன். நாத்தங்கால் காஞ்சு போச்சு" என்றார்.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் முதலாளிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவருக்கு மகன் இல்லை. மதுரையில் ஏதோ கம்பெனியில் இருந்த மருமகன் வந்து பொறுப்பெடுத்தார். நாங்கள் சின்ன முதலாளி என்போம். கெட்ட மனிதர் என்று எழுதினால் அது பொய். எங்களை வாடா போடா என்று சொன்னதில்லை. சம்பளத்தைத் தள்ளிப்போட்டதில்லை. கடைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவருக்கு இருந்தது. பயந்த ஆள் என்று எனக்கு உடனே தெரிந்தது, நானும் அந்த ஜாதிதானே.

வந்த முதல் வாரமே கல்லாவைத் திருப்பிப் போட்டார். தெரு அவருக்கு முதுகுப் பக்கம் போயிற்று, நாங்கள் முன்னால் வந்தோம். தூண் மறைக்கிற மூலைக்கு மதுரையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வந்தது. பிறகு எங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"மதுரையில பெரிய கடைகள்ல எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் இருக்கு. இங்க யார் என்ன செய்றாங்கன்னே தெரியல. இனிமே யாரும் உட்காரக் கூடாது. யார் வந்தாலும் சிரிச்ச முகமா 'வாங்க, என்ன விசேஷம்'னு கேக்கணும். போறப்ப 'போயிட்டு வாங்க'. விரிச்சத உடனே மடிச்சு வச்சிரணும், கடை குப்பையாத் தெரியுது. வெறுங்கையோட ஒருத்தரை அனுப்பினவங்க, அடுத்த ஆள் வர்ற வரைக்கும் கல்லா முன்னால வந்து நிக்கணும்."

"மொதலாளி, இன்னைக்குச் சும்மா பாத்துட்டுப் போறவுகதான் நாளைக்கு எடுக்க வருவாக" என்றார் செல்லையா அண்ணன்.

"இன்னைக்கே எடுத்தா நல்லதுதானே?" என்றார் சின்ன முதலாளி. அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

அதன் பிறகு கடை வேறாகிப் போயிற்று. கல்லா முன்னால் நிற்கிற வெட்கத்துக்குப் பயந்து, வந்தவர்களை விடாமல் பிடித்து விற்றோம். ஒருவர் ஆளை இன்னொருவர் இழுத்தோம். நல்ல சேலையை அடுக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொள்கிற பழக்கம் வந்தது. ஒரே சோற்றுவாளியில் சாப்பிட்டவர்கள் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தோம். எனக்குக் கை மறுபடியும் வேர்த்தது. கண்ணாடியில் சின்ன முதலாளியின் கண் தெரிந்தால் போதும், விரல் நுனிவரை ஊறிவிடும். உள்ளங்கையில் விபூதியைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். "வேட்டிக்குத் திருநீறு பூசிக் குடுக்கிற கடை நம்ம கடை ஒண்ணுதான்டா" என்றார் செல்லையா அண்ணன். அவர் ஒருவர்தான் அப்போதும் சிரிக்க வைத்தார். ஆனால் அவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

தெருவை யாரும் பார்க்கவில்லை.

ஒரு சந்தை நாள் முற்பகல். ஒரு பெரியவர் படியேறி வந்தார், பின்னால் இன்னொருவர். செல்லையா அண்ணன் முறை. முந்தின ஆள் எடுக்காமல் போனதால் அன்று காலை அவர் கல்லா முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தார்.

"வாங்க வாங்க. என்ன விசேஷம்?"

"ஒரு சேலை வேணும்" என்றார் பெரியவர்.

"யாருக்குங்க?"

"மகளுக்கு."

"மக செவப்பா, மாநெறமா?"

"மாநெறம்" என்றார்.

செல்லையா அண்ணன் ஒவ்வொன்றாக விரித்தார். "வளகாப்பா? அப்ப இந்தப் பச்சையப் பாருங்க. கை நெறய வளையலுக்கு எடுப்பா இருக்கும்."

"எதுனாலும் குடுங்க தம்பி."

"எதுனாலும்னா எப்படிங்க? நாளைக்குக் கட்டிப் பாத்துட்டுப் பிடிக்கலன்னா, மக ஒங்களத்தான சண்டைக்கு இழுக்கும்?"

பெரியவர் அந்தப் பச்சைச் சேலை மேல் கையை வைத்தார். "பிடிக்கலன்னு சொல்லமாட்டா" என்றார்.

பின்னால் நின்றவர் முன்னே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணே, இது பெறந்த வீட்டுக் கோடி. வெரசாக் குடுங்க. அங்கன எங்களுக்காகத்தான் காத்திருக்காக."

செல்லையா அண்ணனின் கை அப்படியே நின்றது. இறந்துபோன மகளுக்குத் தகப்பன் கடைசியாகக் கொண்டுபோகிற சேலை. அது வெள்ளையாக இருக்காது, நல்ல சேலையாகத்தான் இருக்கும். துணியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தெருவில் வரும்போதே பார்த்திருக்க வேண்டும். அவர் பச்சைச் சேலையை எடுத்து, காகிதம் சுற்றாமல், இரண்டு கையாலும் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவர் கல்லாவில் பணம் கொடுத்தார். சின்ன முதலாளி அப்போது கண்ணாடியில், மூலையில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு, முகத்தை நிமிர்த்திச் சிரித்து, "சந்தோஷம். போயிட்டு அடிக்கடி வாங்க" என்றார்.

பெரியவர் படியில் நின்றார். "எதுக்குத் தம்பி? எனக்கு இருந்தது ஒரு மகதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு இறங்கிப் போனார். இரண்டு பக்கமும் பார்க்காமல் போனார்.

செல்லையா அண்ணன் விரித்த சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். உட்காரக் கூடாது என்ற சட்டம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சின்ன முதலாளி விஷயம் தெரிந்ததும் வெளுத்துப் போனார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று வீட்டு ஆள் சொன்னான். மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"நேத்து நடந்தது இனி நடக்கக் கூடாது. வாசல்லயே ஒருத்தர் நிக்கணும். வர்றவங்களை நல்லதுக்கா, கெட்டதுக்கான்னு அங்கயே கேட்டு உள்ள சொல்லிரணும்."

செல்லையா அண்ணன்தான் பேசினார். "சாவு வீட்டுல இருந்து வாறவரை வாசல்ல நிறுத்திக் கேக்கணுமா மொதலாளி?"

"வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

கல்லாவைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. எங்களைப் பார்க்காதீர்கள் என்று ஒரு முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில் செல்லையா அண்ணன் தன் கத்திரியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கனண்ணே?"

"குமுளியில ஒரு கடைக்கு ஆள் வேணுமாம். நாளைக்குக் காலையில பஸ்ஸு."

"அங்க மலையாளத்துலல்ல பேசணும்?"

"அதுதான்டா நல்லது. தப்பாப் பேசுனாலும் பாஷை தெரியாதவன்னு விட்டுருவாக" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். "மக செவப்பா மாநெறமான்னு கேட்டுட்டேன்டா. கேட்டுட்டு அந்தாளு மொகத்தைக்கூடப் பாக்கல. கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவரை நிறுத்த எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. கடை அடைத்ததும் பெரிய முதலாளி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, தெருவைப் பார்க்கும்படி படுக்க வைத்திருந்தார்கள். அங்கேயும் எனக்கு அந்த மருதான் தெரிந்தது.

"யாரு, ஈரக்கையா? மிதியடிச் சத்தமே பயந்துக்கிட்டுத்தான் வருது" என்றார். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. நடந்ததைச் சொன்னேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கல்லாவைப் பழையபடி போடணும் மொதலாளி. இல்லைன்னா செல்லையாண்ணே போயிருவாக. ஒங்களுக்கு எங்க மேல இருந்த நம்பிக்கை..."

"நம்பிக்கையாவது ஒண்ணாவது" என்றார். "நான் ஒன்னையப் போலக் கவலப்படுற ஆளுடா. கடை தொறந்த புதுசுல நானும் உள்ள பாத்துத்தான் ஒக்காந்தேன். ஒருத்தன் துணிய விரிச்சா, கிழிச்சுருவானோன்னு பதறும். மடிச்சா, கோணலா மடிப்பானோன்னு பதறும். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இது நமக்கு ஆகாதுன்னுதான் தெருப்பக்கம் திரும்புனேன். அங்கன பாத்தா யாரு வாராகன்னாவது தெரிஞ்சுச்சு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "இப்ப அவரு கடை. நான் இங்கன இருந்து சொன்னா, அவரு அங்கன ஒக்கார முடியாதுடா" என்றார்.

மறுநாள் செல்லையா அண்ணன் குமுளி பஸ்ஸில் ஏறிப் போனார். இடது பக்கம் சாய்ந்து, திரும்பிப் பார்க்காமல் ஏறினார். என்னிடம் சொன்னது, "வெள்ளை கேட்டு வந்தா கையத் தொடச்சுக்கோடா" என்பது மட்டும்தான்.

அன்று சின்ன முதலாளி, வாசலில் யார் நிற்பது என்று கேட்டார். "நான் நிக்கிறேன் மொதலாளி" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. இதில் தைரியம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்றால் கண்ணாடி எனக்கு முதுகுப் பக்கம் போய்விடும் என்ற ஒரே எண்ணம்தான்.

நல்லதுக்கா, கெட்டதுக்கா என்று நான் யாரையும் கேட்கவில்லை. தெருவைப் பார்த்தேன். முதலில் நிறையத் தவறினேன். கடன்காரனுக்குப் பயந்து இரண்டு பக்கமும் பார்க்காமல் போகிற ஆளைப் பார்த்துத் துண்டை எடுத்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டதும் உண்டு. போகப் போக நடை பிடிபட்டது. "மலை" என்றேன். "மஞ்சள்" என்றேன். உள்ளே இருந்தவர்கள் அந்தச் சொற்களைக் கேட்டதும் முதல் நாள் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள். "கேட்டீங்களா?" என்பார் சின்ன முதலாளி. "தெரிஞ்சுக்கிட்டேன் மொதலாளி" என்பேன். கொஞ்ச காலத்தில் அவர் கேட்பதை விட்டார். 'என்ன விசேஷம்' தானாக உதிர்ந்தது. முட்டுவலி என்று ஒருவர் உட்கார, மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி முன்னால் பெண்கள் சேலையை மேலே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எந்தச் சட்டத்தையும் அவர் வாய்விட்டு நீக்கவில்லை. உடனே மடித்து வைக்கிற வழக்கம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. புதிதாக வந்த ஆட்களுக்கு வேறு விதம் இருந்ததே தெரியாது.

என் கை காய்ந்துவிட்டது. ஆனால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால், இடது பக்கம் சாய்ந்த நடை ஒன்று வருகிறதா என்று பார்ப்பது ஒரு வழக்கமாகிப் போயிற்று. குமுளியிலிருந்தும் அவர் கீழே கோட்டயம் பக்கம் போய்விட்டதாக ஒரு லாரிக்காரர் சொன்னார். அதற்கப்புறம் தகவல் இல்லை.

யுத்தம் முடியும் தறுவாயில், போடி ரயிலை நிறுத்தி, யுத்தத் தேவைக்கென்று சர்க்கார் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டிருந்த காலம். துணிக்குக் கட்டுப்பாடு. கடையில் பாதி அலமாரி காலி. ஒருநாள் காலை தெருக்கோடியில் ஒரு பெரியவர், ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றது. அவரும் நின்று நின்று வந்தார். வளையல் கடையைப் பார்த்தார், பலகாரக் கடையைப் பார்த்தார். கிட்ட வந்த பிறகுதான் எனக்கு முகம் தெரிந்தது.

அன்றைக்குப் பச்சைச் சேலை வாங்கிப் போனவர். "பாவாடை" என்று உள்ளே சொன்னேன்.

"எம் பேத்தி. மக பெத்துப் போட்டுட்டுப் போனது" என்றார் பெரியவர், நான் கேட்காமலே. என்னை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்த நாலு சீட்டித் துணியையும் உள்ளே இருந்தவர் விரித்தார். பிள்ளை பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, பூப்போட்ட சிவப்பை எடுத்துக்கொண்டது. போகும்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா நின்றேன். பிள்ளைதான் படியிறங்கிவிட்டுத் திரும்பி, "போயிட்டு வாரேன்" என்றது. பெரியவர் அது சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து கூட்டிப் போனார்.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். செல்லையா அண்ணன் உட்காரும் இடத்தில் இருந்த ஆள் அதற்குள் மற்றச் சீட்டித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை இன்னும் தெருமுனை திரும்பவில்லை. செல்லையா அண்ணனாக இருந்தால், திரும்பும் வரை துணி அப்படியே கிடந்திருக்கும்.